பதினொரு கட்டங்கள்

“எனக்குத் தெரியாது” என்று சொல்ல ஒருவருக்கு எத்தனை வருஷம் ஆகும்? ரெஃபியேவுக்குப் பதினாலு வருஷம் ஆனது. சோரோவோடாவில் அவளை அறிந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஓசும் ஆற்றைப் பற்றி ஊரில் யாருக்கு எது தெரியாமல் போனாலும் அவளுக்குத் தெரியும் என்பதுதான் அங்கே பேச்சு. அந்தப் பேச்சே அவளுக்குச் சுமையாகிப் போனது என்பது பின்னால் நடந்த கதை.

1974 வசந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. வேலை சின்னது. ஊர்ப் பாலத்தின் இரண்டாவது தூணில் வெள்ளை எனாமல் பூசிய ஓர் அளவுப் பலகை அறைந்திருந்தது. சென்டிமீட்டர் கோடுகள், பத்துக்கு ஒரு கறுப்பு எண். தினமும் காலை ஏழு மணிக்குக் கரைப் படிகளில் இறங்கி, தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். நோட்டில் அந்தத் தேதிக்கு உரிய கட்டத்தில் எழுத வேண்டும். பிறகு தபால் ஆபீசுக்குப் போய்த் தொலைபேசியில் தலைநகர் தீரானாவுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவளுக்கு முன்னால் அதே வேலையில் இருந்தவர் சினான். ஒரு குளிர்காலத்தில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தார். எழுந்து வந்து, இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு ஓரத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுதினார். கட்சிக் கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள்: அந்த இரண்டு நாளும் ஆறு என்ன செய்தது தோழரே, எதை மறைக்கிறீர்கள்? ஆற்றுக்கும் காய்ச்சலா என்று பின்வரிசையில் யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்களாம். சிரிக்காமல் இருப்பது ஆபத்தான காலம் அது. அடுத்த மாதம் சினானின் குடும்பம் சட்டி பானைகளோடு லாரியில் ஏறி ஏதோ ஒரு சுரங்க ஊருக்குப் போனது.

ரெஃபியேவிடம் நோட்டைக் கொடுத்த அதிகாரி வேறு எதையும் கற்றுத் தரவில்லை. “கட்டம் மட்டும் காலியா இருக்கக் கூடாதும்மா” என்றார்.

அந்த நாட்களில் நாட்டில் எந்தக் கட்டமும் காலியாக இருந்ததில்லை. கோழி போடாத முட்டை கட்டத்தில் இருந்தது. யாரும் நடாத ஆலிவ் கன்று, கட்டத்தில் மூன்று வருஷமாகக் காய்த்துக்கொண்டிருந்தது. இதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. காலியாக விடுவது குற்றம், நிரப்புவது கடமை. ஊர் அப்படித்தான் பழகியிருந்தது. ரெஃபியேவுக்கு இருந்த ஒரே கர்வம், தன் கட்டங்களில் இருப்பது அத்தனையும் நிஜம் என்பது. அதை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. சொன்னால் மற்றவர்களுடையது என்ன என்று ஆகிவிடும்.

தீரானாவில் எண்ணை வாங்கிக்கொள்ள ஓர் ஆண் குரல் இருந்தது. லைன் எப்போதும் இரையும். அதனால் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்வது விதி.

“நூத்திப் பதினாலு” என்பாள்.

“நூத்திப் பதினாலு. சரி” என்பான் அவன்.

ஏழரை மணிக்கு அரை நிமிஷம். வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து அரை நிமிஷங்கள். அதில் வேறு பேச்சுக்கு இடம் கிடையாது, பேசினால் கேட்டுக்கொண்டிருக்க ஆள் உண்டு. ஆனாலும் தொடர்ந்து கேட்கும் குரலை மறைத்துவைக்க முடியாது. அவனுக்குச் சளி பிடித்தால் தெரிந்தது. நவம்பரில் அந்த அறையில் கணப்பு மூட்டிவிட்டார்களா இல்லையா என்பது அவன் ‘சரி’ சொல்லும் வேகத்தில் தெரிந்தது. பெயர் தியோதோர் என்று தபால் ஆபீஸ் நூரி எங்கிருந்தோ விசாரித்துச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாளே தவிர, அந்தப் பெயரை அப்போது ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

1979இல் மகள் பிறந்தாள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்பது வீட்டு வழக்கம். அவள் கணவன் காசெம் மரப்பட்டறையில் வேலை பார்த்தவன், நல்ல மனுஷன், குனிய மட்டும் சோம்பல். அந்த நாற்பது நாளும் அவன்தான் பாலத்துக்குப் போனான். முதல் நாள் வந்து நூறு என்றான். மறுநாள் நூற்றைந்து. அடுத்த நாள் நூற்றுப் பத்து. ரெஃபியே படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க, ஆறு என்ன அஞ்சஞ்சாவா ஏறும்?”

“மேல நின்னுதான் பாத்தேன். படியில எறங்குனா மூணோ நாலோ கூடக் கொறச்சலா தெரியுது. அதுக்கா தீரானால பாலம் இடிஞ்சு விழப் போகுது?”

நாற்பத்தோராம் நாள் அவளே இறங்கிப் பார்த்து, அவளே போய்ச் சொன்னாள். நூற்றேழு. அந்தப் பக்கம் நூற்றேழு என்று திரும்பி வந்தது. ‘சரி’ மட்டும் வரவில்லை. சற்றுப் பொறுத்து, “நல்லவேளை வந்துட்டீங்க” என்றான். “நாப்பது நாளா உங்க ஆறு அஞ்சஞ்சா ஏறி எறங்குச்சு.”

ரிசீவரை வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றிருந்தாள். நூரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து, “என்ன அண்ணி, தீரானால வெள்ளமா? மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்கு” என்று கேட்டான். உன் வேலையைப் பார் என்று அவனை அதட்டிவிட்டு வெளியே வந்தாள். தான் எழுதும் எண்ணை ஒருவன் படிக்கிறான், எழுதி மூலையில் போடாமல் படிக்கிறான் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. வயதான பிறகு அந்தக் காலத்தை நினைத்தால் கூட்டங்களோ கொடிகளோ அவள் நினைவுக்கு வருவதில்லை. மழை நாளில் தபால் ஆபீசுக்குள் நிற்கும் ஈரக் கம்பளி வாடை, நூரி முத்திரை குத்தும் சத்தம், அதற்கு நடுவே அந்த அரை நிமிஷம். அதுதான் வரும்.

1991இல் கட்சி ஆட்சி போனது, சிலைகள் விழுந்தன. பட்டறை மூடியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றார்கள், அப்புறம் அதுவும் இல்லை. ஊரில் பாதிப் பேர் மலை தாண்டி கிரீசுக்குப் போனார்கள். சம்பளம் வராத மாதங்களிலும் ஏழரை மணிக்குத் தீரானாவில் அந்தக் குரல் இருந்தது. அவனுக்கும் சம்பளம் வந்திருக்காது. அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

பிறகு 1997 மார்ச். சீட்டுக் கம்பெனிகள் மூழ்கி, ஊர் உலகத்துப் பணமெல்லாம் போய், நாடே கவிழ்ந்த மாதம். பதினோராம் தேதி விடியும் முன்பே ஊர்க்கோடியில் இருந்த ஆயுதக் கிடங்கை உடைத்தார்கள். மதியத்துக்குள் மீசை முளைக்காதவன் கையிலும் துப்பாக்கி இருந்தது. யாரை யார் சுடுவது என்று தெரியாததால் எல்லோரும் வானத்தைச் சுட்டார்கள். மேலே போன குண்டுகள் ஓட்டுக் கூரைகளில் விழுந்து உருண்டன. தொலைபேசிக் கம்பி அறுந்தது. காசெம் அலமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“அஞ்சு நிமிஷம்” என்றாள் ரெஃபியே. “பாலம் வரைக்கும்தானே.”

“ஆறு எங்கயும் போயிடாது. நீ போயிடுவ.”

வெதுவெதுவென்று தெற்குக் காற்று அடித்தது. மழையும் சேர்ந்துகொண்டது. தொமோர் மலையில் பனி உருகும் காற்று அது. வீட்டுக்குள் இருந்தபடியே அவளுக்கு ஆறு கேட்டது. தண்ணீர்ச் சத்தம் அல்ல, தண்ணீருக்கு அடியில் கற்கள் உருளும் சத்தம். லாரியில் இருந்து ஜல்லி கொட்டுவது போல, நிற்காமல். இருபத்து மூன்று வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. அது எந்தக் கோட்டில் கேட்கும் சத்தம் என்று சொல்ல அவளிடம் எண் இல்லை.

பதினொரு நாள் இப்படிப் போனது. மார்ச் இருபத்திரண்டு, நெவ்ரூஸ் பண்டிகை. அன்று சுடுவது ஓய்ந்திருந்தது. அவள் பாலத்துக்குப் போனாள். பலகை முழுக்கச் சேறு. தலைத்துணியால் துடைத்துப் பார்த்தாள்: நூற்றிருபத்தேழு. நிமிர்ந்தபோது கரையில் நின்ற பாப்லர் மரம் கண்ணில் பட்டது. அதன் பட்டையை ஏதோ ஒரு மிதவைக் கட்டை வந்து இடித்து உரித்திருந்தது. அந்தக் காயத்தில் வைக்கோலும் கந்தல் பையும் சிக்கித் தொங்கின. அவள் கையை நீட்டினாலும் எட்டாத உயரத்தில்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தாள். பத்தாம் தேதிக் கட்டத்தில் 117. இருபத்திரண்டுக்கு 127. நடுவே பதினொரு வெள்ளைக் கட்டங்கள். கேள்வி கேட்க அதிகாரி இல்லை, கூட்டம் இல்லை, சுரங்க ஊருக்கு ஏற்றிப் போக லாரிக்கு டீசலும் இல்லை. பயமுறுத்த ஒருவரும் மிச்சமில்லாத அந்த நாளில்தான் அவள் பயந்துபோய் எழுதினாள்: 118, 119, 121, 121, 120, 122, 122, 123, 124, 124, 125. கை தானாகவே எழுதியது. நடுவில் ஒன்றைக் குறைக்கக்கூடத் தெரிந்திருந்தது அந்தக் கைக்கு.

ஏப்ரலில் லைன் சரியானது. நூரியின் கண்ணாடித் தடுப்பில் கண்ணாடி இல்லை. தியோதோர் இருந்தான். விடுபட்ட நாட்களைக் கேட்டான், அவள் வரிசையாகச் சொன்னாள். அவன் திருப்பிச் சொல்லவில்லை. எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். எட்டாவது எண்ணில் மட்டும், பழைய வழக்கம் போல, “நூத்தி இருபத்து மூணு” என்றான். பிறகு மறுபடி எழுதும் சத்தம். கடைசி எண்ணையும் சொல்லி முடித்தாள்.

“ரெஃபியே” என்றான். அவள் பெயரை அவன் சொன்னது அதுவே முதல் முறை. “இந்தத் தடவை அஞ்சஞ்சா இல்ல. ரொம்ப அழகா ஏறியிருக்கு.”

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“அது போதும். சரி.”

மறுநாள் வேறொரு குரல் எடுத்தது. அடுத்த மாதம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவன் ஓய்வு பெற்றானா, பாதி நாட்டோடு சேர்ந்து கடல் தாண்டிப் போனானா, செத்தே போனானா என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

அவள் மட்டும் தொடர்ந்து போனாள். பள்ளிக்கூட நோட்டு வாங்கி, அளவுகோல் வைத்துக் கட்டங்களைத் தானே போட்டுக்கொண்டாள். யாருக்கு எழுதுகிறாய் என்று காசெம் கேட்டால், பல் தேய்ப்பது யாருக்கு என்று கேட்பாள். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஜெலால் வந்தது 2005இல். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், கட்டையான ஆள், வாய் ஓயாது. ஊருக்கு மேலே ஓசும் ஆறு பாறையைக் குடைந்து போகும் இடுக்கை ஊர்க்காரர்கள் மேலே நின்றுதான் பார்த்திருக்கிறார்கள். ஆடு தவறி விழுந்தால் அந்த ஆடு போனதுதான். அதற்குள் ரப்பர் படகு போட்டுத் துழாவிக்கொண்டு வந்த ஏதோ வெளிநாட்டுக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அவர்களிடமிருந்து ஒரு பழைய படகை வாங்கிவிட்டான். குளிக்கவே ஆற்றுப் பக்கம் போகாதவன் என்று மாலை நடையில் ஊர் சிரித்தது.

ஆனால் அவனுக்கு ஒன்று புரிந்திருந்தது. பலகையில் அறுபதுக்குக் கீழே போனால் படகு அடி தட்டும். நூற்றறுபதைத் தாண்டினால் உள்ளே போகக் கூடாது. உள்ளே போய்விட்டால் இரண்டு பக்கமும் சுவர், ஏறி வர வழி கிடையாது, ஊர்ப் பக்கத்து வாயில்தான் வெளியே வர வேண்டும். அதனால் முதல் நாளே காலை ஏழேகாலுக்கு ரெஃபியே வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

“எவ்வளவுக்கா?”

“நூத்திப் பத்து.”

“நூத்திப் பத்து” என்றான் அவன், மறந்துவிடக் கூடாதே என்று.

ரெஃபியே காபிக் கிண்ணத்தை எடுக்கிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஊர் மாறியது. பணக்கார ஊராகிவிடவில்லை, உடைந்த ஜன்னல்களுக்குக் கண்ணாடி வந்தது, அவ்வளவு சொல்லலாம். வசந்தத்தில் மாடிக் கம்பிகளில் கம்பளி விரிப்பு காய்ந்த இடத்தில் ஈர லைஃப் ஜாக்கெட்டுகள் காய்ந்தன. வால்நட் பாகும் திராட்சைச் சாராயமும் விருந்தாளிக்குச் சும்மா கொடுத்த வீடுகளில் பாட்டிலுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினார்கள். அதை ஒட்டும்போது முதல் வருஷம் வெட்கப்பட்டார்கள். இரண்டாம் வருஷம் வெட்கம் போய்விட்டது. அது லாபமா நஷ்டமா என்று ரெஃபியே இன்னும் முடிவு செய்யவில்லை.

2008இல் ஜெலால் அவளுடைய நோட்டுகளை எல்லாம் இரவல் கேட்டான். பெருமையாகத்தான் இருந்தது, கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து ரொட்டி வாங்கிவிட்டு வருகிறவள் அவன் ஆபீஸ் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். நீலப் பெயின்டில் பன்னிரண்டு மாதங்கள். ஒவ்வொன்றின் கீழும் முப்பத்து நாலு வருஷத்தில் ஆறு தொட்ட மிக உயர்ந்த எண், மிகத் தாழ்ந்த எண். மார்ச்: உயர்ந்தது 168. அவன் வந்தவர்களிடம் கையை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தான்: பாருங்கள், இந்த ஊரில் ஆற்றுக்கே ஜாதகம் இருக்கிறது, மார்ச்சில் குழந்தைகளைக்கூடக் கூட்டிப் போகலாம், வரம்புக்கு மேலே அது அதிகம் போனதே இல்லை. அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கை எட்டாத உயரத்தில் தொங்கிய வைக்கோல் அவளுக்கு ஞாபகம் வந்தது. நோட்டுக்குள் பதினொரு வருஷம் சும்மா கிடந்த பொய் இப்போது எழுந்து சுவரில் ஏறி நின்று, ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வருஷம் மார்ச் பதினொன்று அன்று ஜெலால் வந்து உட்கார்ந்ததும், “நூத்திப் பத்தொம்பது. இன்னிக்குப் போகாத” என்றாள். நூற்றுப் பத்தொன்பதுதானே என்றான். “இருக்கு. ஆனா ஏறும்” என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். பதினொரு நாளும் சொன்னாள். ஆற்றை அறிந்தவள் சொல்கிறாள் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு படகுகளைக் கவிழ்த்துப் போட்டான். ஆறு ஏறவில்லை. அதற்கடுத்த வருஷமும் அதே பதினொரு நாள், அதே பேச்சு.

ஊருக்கு இது நல்ல வேடிக்கையானது. நபியின் பேரர் ஹுசேனுக்காகத் துக்கம் காக்கும் நாட்களில் அந்த மலைகளில் பலரும் பச்சைத் தண்ணீர் தொடுவதில்லை; மோரும் காபியும்தான். அதை வைத்து, ஆறும் நோன்பு பிடித்துவிட்டது என்று காபிக்கடையில் பேசிக்கொண்டார்கள். “நாம தண்ணியத் தொட மாட்டோம், தண்ணி ஜெலாலத் தொட மாட்டேங்குது” என்றான் ஓய்வு பெற்ற நூரி. ரெஃபியேவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பொய்யைத் திருத்தாமல் அதைச் சுற்றி வேலி போட்டுவிட்டோம் என்று அவளுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதி எவ்வளவு ஓட்டை என்று அவள் குனிந்து பார்க்கவில்லை. அந்த விஷயத்தில் அவளும் காசெமைப் போலத்தான்.

2011 மார்ச் பதினேழு. தீரானாவிலிருந்து இருபத்து நாலு பள்ளி ஆசிரியர்கள் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. ஜெலால் ஏழேகாலுக்கு வந்தான், உட்காரவில்லை.

“நூத்தி இருபத்தாறு” என்றாள்.

“நூத்தி இருபத்தாறு. போறேன்.”

“வேண்டாம்.”

அவன் கத்தவில்லை. “வாக்கா” என்று அவளை அழைத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு முன்னால் நிறுத்தினான். பக்கத்தில் ஆசிரியர்கள் ரப்பர் உடுப்புக்குள் கால் நுழைக்கத் தெரியாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு தத்தினார்கள். ஹெல்மெட் வாரை மாட்டத் தெரியாத ஒரு பெண், அதைத் தொப்பி போலச் சாய்த்து வைத்துத் தோழிகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வருஷம் ஏன்னு கேட்டேனா? கேக்கல” என்றான். “ஊரு என்னையப் பைத்தியம்னுச்சு, பொறுத்துக்கிட்டேன். இது உன் கையெழுத்தப் பாத்து எழுதுனது. இது போலாங்குது. நீ போகாதங்குற. உன் கைய நம்பவா, உன் வாய நம்பவா? ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதுக்கா.”

ரெஃபியே ஹெல்மெட் பெண்ணைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

“கை” என்றாள்.

ஜெலாலுக்கு விளங்கவில்லை.

“தொண்ணூத்தேழுல பதினொரு நாள் நான் பாலத்துக்குப் போகல. ஆறு என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியாது. நானா எழுதுனேன்.”

சொல்லி முடித்தபோது வானம் இடிந்து விழவில்லை. சினானை ஏற்றிப் போன லாரி வந்து நிற்கவில்லை. அவள் கரைக்கு நடந்தாள், அவன் பின்னாலேயே வந்தான். பாப்லர் மரம் அந்தப் பதினாலு வருஷத்தில் பருத்திருந்தது. காயம் ஆறி, உதடு போலத் தடித்த வடுவாகி அதே உயரத்தில் நின்றது. ஜெலால் துடுப்பை நிறுத்தி வைத்து அளந்தான், எட்டவில்லை. டேப் எடுத்து வரச் சொல்லி, பாலத்துப் பலகையோடு மட்டம் பார்த்து அளந்தான். இருநூற்று எழுபத்தொன்று.

அவன் டேப்பைச் சுருட்டினான், மறுபடி நீட்டினான், மறுபடி சுருட்டினான்.

“அந்தப் பதினொரு நாளுதான என்னைய நிறுத்துன” என்றான் கடைசியில். “மார்ச்சு ஆரம்பத்துல போயிருக்கேன், கடைசியில போயிருக்கேன். சின்னப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டுப் போயிருக்கேன். தண்ணிக்குத் தேதி தெரியுமாக்கா?”

தான் போட்ட வேலி ஆட்களைச் சுற்றி அல்ல, தன் எழுத்தைச் சுற்றி மட்டுமே போட்டது என்பது அவன் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று படகு இறங்கவில்லை. ஜெலால் இருபத்து நாலு ஆசிரியர்களையும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போட்டான். அவன் மனைவி மூன்று நாள் அவனோடு பேசவில்லை. ஆறு ஏறியதா என்றால், இல்லை. மாலையில் ரெஃபியே தானாகவே போய்ப் பார்த்தாள். நூற்றிருபத்தைந்து. மறுநாளும் அவ்வளவுதான். அவள் சொன்னது சரி என்று காட்ட ஓசும் ஒரு சென்டிமீட்டர்கூடச் சிரமப்படவில்லை.

அந்த வாரம் ஜெலால் சுவரில் மார்ச்சின் மேல் வெள்ளை அடித்தான். அதன் மேல் நீலத்தில் ஒரே வார்த்தை எழுதினான்: தெரியாது. பதினொரு எண்களையும் மற்ற மார்ச்சுகளையும் பிரித்துக் கணக்குப் போட்டிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. மார்ச் முழுக்கவே ஒவ்வொரு நாளும் மேலே மலையில் காற்று எப்படி, பனி எப்படி என்று ஆள் விட்டுக் கேட்டுவிட்டுத்தான் இனிப் படகு போட்டான். வருகிறவர்கள் மற்ற மாதங்களை விட்டுவிட்டு அந்த ஒரு வார்த்தையோடு நின்று போட்டோ எடுத்தார்கள்.

அந்தக் கோடை முழுவதும் அவன் ஏழேகாலுக்கு வாசலில் நின்று எண்ணை வாங்கிக்கொண்டு போனான், உள்ளே வரவில்லை. எண்ணைத் திருப்பிச் சொல்லவும் இல்லை. நவம்பரில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கினவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “எழுபத்தெட்டு” என்றாள். “எழுபத்தெட்டு” என்றான். காபி கொதித்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

2016இல் தீரானாவிலிருந்து ஒரு பொறியாளர்ப் பெண் வந்தாள். பழைய நோட்டுகளை எல்லாம் நகல் எடுக்கப் போகிறார்கள். இந்த ஆற்றுக்கு இத்தனை வருஷத் தொடர்ச்சி வேறு எங்கேயும் இல்லையாம். தியோதோர் என்று ஒருவர் இருந்தாரே என்று ரெஃபியே கேட்டாள். அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதைக் காசெம் அன்றுதான் கேட்டான். பொறியாளர்ப் பெண்ணுக்கு அப்படி யாரையும் தெரியவில்லை. காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் ரெஃபியே ஜன்னலோரம் உட்கார்ந்து 1997 நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். காசெமின் சவரப் பிளேடால் ஒவ்வொரு எண்ணாகச் சுரண்டினாள். காகிதம் கிழியாமல், மை மட்டும் உதிரும்படி, மெதுவாக. ஊதி ஊதித் துடைத்தாள்.

மறுநாள் காலை பொறியாளர்ப் பெண் மேஜையில் நோட்டைப் புரட்டியபோது காசெமும் ஜெலாலும் இருந்தார்கள். மார்ச் பதினொன்றிலிருந்து கட்டங்கள் காலி. வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடங்களில் காகிதம் மெலிந்து ஒளி வந்தது. பத்துக் கட்டங்கள். எட்டாவதில், பதினெட்டாம் தேதியில், 123 அப்படியே இருந்தது.

“இந்த ஒரு நாள் மட்டும் போய்ப் பாத்தீங்களாம்மா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“எங்க போனா? கதவுக்கிட்ட நான்ல உக்காந்திருந்தேன்” என்றான் காசெம். “பதினொரு நாளும் வெளிய காலு வைக்கல.”

ஜெலால் எட்டிப் பார்த்தான். “விட்டுப்போச்சா? அதையும் சொரண்டிடுக்கா. அதுவும் பொய்தான?”

“பொய்தான்” என்றாள் ரெஃபியே. அந்தப் பதினொன்றில் லைனில் திரும்பி வந்தது அது ஒன்றுதான். நோட்டை வாங்கி மூடினாள். மற்ற நோட்டுகளின் மேல் வைத்து, நான்கு பக்கமும் தட்டி ஒழுங்குபடுத்தி, கயிற்றைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.